போரில் பறிபோன கலைப்பொருள் திரும்ப வருமா? செட்டிநாட்டில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

காரைக்குடிப் பக்கம் பழஞ்சாமான் பற்றிப் பேச்செடுத்தால் அது எப்படியும் இரண்டு இடத்தில் போய் நிற்கும்: ஒன்று பர்மா, இன்னொன்று களவுபோன சாமி சிலை. நடுவில் யாராவது ஒருவர் ஹிட்லர் ஆட்கள் அள்ளிய ஓவியங்களைப் பற்றிக் கேட்பார். மூன்றும் ஒரே கதையா, வேறுவேறா என்ற குழப்பம் பலருக்கும் உண்டு. அப்படிக் காதில் விழுந்த கேள்விகளை இங்கே சேர்த்து, தெரிந்த அளவுக்குப் பதில் எழுதியிருக்கிறேன். வழக்கு என்று வந்தால் வக்கீலைத்தான் பார்க்க வேண்டும்.

போர்க்காலக் கொள்ளை என்று எதைச் சொல்கிறார்கள்?

சிப்பாய் கதவை உடைத்துத் தூக்கிக்கொண்டு போவது மட்டும்தான் கொள்ளை என்று நாம் நினைக்கிறோம். 1943 ஜனவரி 5-ம் தேதி நேச நாடுகள் லண்டனில் ஓர் அறிவிப்பு வெளியிட்டன. கையெழுத்திட்ட அரசுகளில் அன்றைய இந்திய அரசும் ஒன்று என்பது இங்கே பலருக்குத் தெரியாது. எதிரி பிடித்த நாடுகளில் நடந்த சொத்துக் கைமாற்றம் எதையும் செல்லாது என்று அறிவிக்கத் தங்களுக்கு உரிமை உண்டு என்றது அந்த அறிவிப்பு. அப்பட்டமான கொள்ளையாக இருந்தாலும் சரி, பத்திரம் எழுதிக் காசு கொடுத்து முறைப்படி நடந்ததுபோலத் தோன்றினாலும் சரி, அது பொருந்தும்.

பிறகு வந்த வழக்குகள் பலவற்றுக்கும் உயிர் இந்த இரண்டாவது பாதிதான். ஊரைவிட்டு ஓட அனுமதி வேண்டுமா, இந்த ஓவியத்தை இந்த விலைக்கு எழுதிக் கொடு என்றால், கையெழுத்து இருக்கும், ரசீதும் இருக்கும். விற்பனைதான் இருக்காது.

இதைக் காரைக்குடி ஆட்களுக்குப் புரியவைப்பது சுலபம். மலாயாவிலும் சிங்கப்பூரிலும் ஜப்பான்காரன் ஆண்ட காலத்தில், செட்டியார் வட்டிக்கடையில் வாங்கிய பழைய கடனை வாழைமரம் அச்சிட்ட ஜப்பான் நோட்டில் கொண்டுவந்து கட்டினார்கள். வாங்க மறுக்க முடியாது. 1945-ல் அந்த நோட்டு வெறும் காகிதம். கணக்குப்படி கடன் தீர்ந்துவிட்டது, கையில் எதுவும் இல்லை. 1948-ல் மலாயாவில் இதற்கென்றே ஒரு சட்டம் போட்டு, எந்த மாதம் கட்டிய பணம் என்பதைப் பொறுத்து மதிப்பைக் குறைத்துக் கணக்கிட வேண்டியதாயிற்று. முறைப்படி நடந்த கொள்ளை எப்படி இருக்கும் என்பது கிட்டங்கியில், அதாவது அந்த வட்டிக்கடைகள் இருந்த கட்டடத்தில், உட்கார்ந்திருந்தவர்களுக்கு நன்றாகவே தெரிந்திருக்கும்.

ஐரோப்பாவில் என்னதான் நடந்தது?

நாஜிகள் கலைப்பொருள் திரட்டுவதை ஓர் அரசுத் துறைபோல நடத்தினார்கள். ரோசன்பெர்க் என்பவரின் பெயரில் ஒரு தனிப்படை இருந்தது. பாரிஸில் யூதக் குடும்பங்களின் சேகரிப்புகளை அள்ளி, ழே தெ போம் என்ற அருங்காட்சியகக் கட்டடத்தில் குவித்தார்கள். பிரான்ஸ், பெல்ஜியம் நாட்டு யூதர்களிடமிருந்து அந்தப் படை எடுத்தது மட்டும் 20,000 பொருளுக்கு மேல். ஹிட்லருக்கு அடுத்த இடத்தில் இருந்த கோரிங் நேரில் வந்து வேண்டியதைப் பொறுக்கிக்கொண்டு போவார். ஹிட்லருக்கு லின்ஸ் நகரில் பெரிய அருங்காட்சியகம் கட்டும் ஆசை. அதற்காகச் சேர்த்தவை கடைசியில் ஆஸ்திரியாவில் ஆல்ட்டவுசே உப்புச் சுரங்கத்துக்குள் போயின. அங்கே மட்டும் 6,500-க்கு மேற்பட்ட ஓவியங்கள் கிடைத்தன.

ஐரோப்பா முழுவதும் பறிபோன ஓவியங்கள் 6 லட்சம் இருக்கலாம், அதில் 1 லட்சத்துக்கு மேல் இன்னும் கிடைக்கவில்லை என்பது பரவலாகச் சொல்லப்படும் மதிப்பீடு.

இந்தக் கதையில் எனக்குப் பெரிய ஆளாகத் தெரிவது ரோஸ் வலாண்ட். ழே தெ போமில் வேலை பார்த்த பிரெஞ்சுப் பெண்மணி. ஜெர்மன் தெரியும் என்பதைக் காட்டிக்கொள்ளாமல், நான்கு வருடம் அங்கேயே இருந்து, எந்தப் பெட்டி யாருடையது, எந்த ரயிலில் எங்கே போகிறது என்று ரகசியமாகக் குறித்துக்கொண்டே வந்தார். பிடிபட்டிருந்தால் உயிர் போயிருக்கும். போர் முடிந்ததும் பெட்டிகளைத் தேடிப் போனவர்களுக்கு அவருடைய குறிப்புகள்தான் வழி காட்டின. நம் பக்கத்துக் கடைகளில் சிட்டை எழுதும் கணக்கப்பிள்ளை செய்யும் வேலைதான், உயிரைப் பணயம் வைத்து.

போர் முடிந்ததும் திருப்பிக் கொடுத்திருப்பார்களே?

கொடுத்தார்கள், பெருமளவு. அமெரிக்க ராணுவம் மியூனிக்கில் ஒரு சேகரிப்பு மையம் வைத்து, வந்ததைப் பிரித்து அந்தந்த நாட்டுக்கு அனுப்பியது. நாட்டுக்குத்தான், வீட்டுக்கு இல்லை. உரியவரைக் கண்டுபிடிப்பது அந்த நாட்டின் பொறுப்பு. பிரான்ஸுக்குச் சுமார் 60,000 பொருள்கள் திரும்பின. அதில் 45,000 போல உரியவர்களிடம் போய்ச் சேர்ந்தன. மிச்சத்தில் பெரும்பகுதியை ஏலம் விட்டுவிட்டு, நல்லதாகப் பார்த்து 2,000 சொச்சத்தைத் தங்கள் அருங்காட்சியகங்களிலேயே வைத்துக்கொண்டார்கள். கேட்டு வர ஆள் இல்லை என்றார்கள். கேட்க வேண்டிய குடும்பத்தில் பலபேர் முகாம்களில் செத்துப்போயிருந்தார்கள்.

சோவியத் கதை வேறு. அவர்களுடைய ஊர்களை ஜெர்மானியர்கள் சூறையாடியிருந்தார்கள். பதிலுக்கு இவர்கள் பெர்லினிலிருந்தும் டிரெஸ்டனிலிருந்தும் ரயில் ரயிலாக ஏற்றினார்கள். டிரெஸ்டன் ஓவியங்களை 1955-ல் திருப்பிக் கொடுத்தார்கள். பெர்லினிலிருந்து போன, பண்டைய திராய் நகரத்துத் தங்கப் புதையல் இன்றும் மாஸ்கோவில் இருக்கிறது. மிச்சமுள்ளதெல்லாம் அரசுடைமை என்று 1998-ல் ரஷ்யா சட்டமே போட்டுவிட்டது. இழந்தவனும் கொள்ளைக்காரன் ஆகும் இடம் இது. இதில் நியாயம் சொல்வது எளிதில்லை.

அதே 1998-ல் வாஷிங்டனில் 44 நாடுகள் கூடி, கொள்ளைபோனதைத் தேடிக் கண்டுபிடித்து நியாயமான தீர்வு தர வேண்டும் என்று ஒப்புக்கொண்டன. கட்டாயம் இல்லை, கொள்கை அளவில்தான். இருந்தாலும் அதுவரை பூட்டியே கிடந்த அருங்காட்சியக ஆவணங்கள் பல திறந்தது அதன் பிறகுதான்.

ஒரு வழக்கையாவது முதலிலிருந்து கடைசிவரை சொல்லுங்களேன்.

மரியா ஆல்ட்மன் வழக்கைச் சொல்கிறேன். உறவுமுறையைத் தமிழில் சொன்னால் இன்னும் தெளிவாகப் புரியும். அண்ணன் தம்பி இருவர் அக்கா தங்கை இருவரைக் கட்டினார்கள். மூத்த ஜோடியின் மகள் மரியா. இளைய ஜோடி ஃபெர்டினாண்டும் அடேலும். அதாவது மரியாவுக்குச் சித்தப்பா, சித்தி. அவர்களுக்குப் பிள்ளை இல்லை. வியன்னாவில் சர்க்கரை ஆலை வைத்திருந்த பணக்காரக் குடும்பம். ஓவியர் குஸ்டாவ் கிளிம்ட் 1907-ல் வரைந்து முடித்த, பொன்தகடு ஒட்டிய அடேலின் உருவப்படம் அவர்கள் வீட்டில் இருந்தது.

1925-ல் அடேல் இறந்தார். கிளிம்ட் ஓவியங்களைத் தன் காலத்துக்குப் பிறகு அரசு அருங்காட்சியகத்துக்குக் கொடுக்கும்படி கணவரைக் கேட்டுக்கொள்வதாக உயிலில் எழுதியிருந்தார். 1938-ல் நாஜிகள் வந்தார்கள், ஃபெர்டினாண்ட் தப்பி ஓடினார், வீடு பறிபோனது. படம் வியன்னாவின் பெல்வெடியர் அருங்காட்சியகத்துக்குப் போனது. 1945-ல் அவர் சூரிச்சில் இறப்பதற்குமுன் எழுதிய உயிலில் சொத்தையெல்லாம் அண்ணன் பிள்ளைகளுக்கு வைத்தார். ஆஸ்திரிய அரசோ அரை நூற்றாண்டு காலம், அந்த அம்மாள் எங்களுக்கு எழுதிவைத்தது என்றே சொல்லிவந்தது.

1998-ல் ஆஸ்திரியா ஒரு திருப்பித் தரும் சட்டம் கொண்டுவந்து ஆவணங்களைத் திறந்தது. ஹூபர்ட்டஸ் செர்னின் என்ற பத்திரிகையாளர் உள்ளே போய்ப் பார்த்தார். அடேல் எழுதியது வேண்டுகோள், கொடை இல்லை, படங்கள் கணவருடைய உடைமை என்று காகிதம் சொன்னது. மரியாவுக்கு அப்போது 80 வயதுக்கு மேல், கலிபோர்னியாவில் இருந்தார். வியன்னாவில் வழக்குப் போடலாம் என்றால், ஓவியத்தின் மதிப்புக்கு ஏற்றபடி கோர்ட் கட்டணம்: 10 லட்சம் டாலருக்கு மேல். பங்காளிச் சொத்து வழக்கில் கோர்ட் கட்டணத்தைப் பார்த்து மலைத்தவர்கள் இங்கே நிறைய உண்டு, அவர்களுக்கு இது புரியும்.

அதனால் அமெரிக்காவிலேயே ஆஸ்திரியா மேல் வழக்குப் போட்டார். ஒரு வெளிநாட்டு அரசை அமெரிக்கக் கோர்ட்டுக்கு இழுக்க முடியுமா என்ற கேள்வி உச்ச நீதிமன்றம்வரை போனது. 2004-ல் முடியும் என்று தீர்ப்பு வந்தது. அப்புறம் இரு தரப்பும் நடுவர்களை ஏற்றுக்கொண்டார்கள். 2006 ஜனவரியில் மூன்று ஆஸ்திரிய நடுவர்கள் மரியாவின் பக்கம் சொன்னார்கள். ஐந்து கிளிம்ட் ஓவியங்கள் திரும்பின. அடேல் படத்தை அந்த வருடமே அமெரிக்கத் தொழிலதிபர் ரொனால்ட் லாடர் வாங்கினார். விலை 13.5 கோடி டாலர் என்று செய்தி வந்தது. இப்போது நியூயார்க்கில் நொய்யெ கேலரியில் யாரும் போய்ப் பார்க்கலாம்.

விற்றுத்தானே விட்டார்? அதற்கா இவ்வளவு போராட்டம்?

அடிக்கடி வரும் கேள்வி, கொஞ்சம் எரிச்சலூட்டும் கேள்வியும்கூட. தன் பொருளைத் தான் விற்பதும், அடுத்தவன் எடுத்துக்கொண்டு போவதும் ஒன்றா? செட்டிநாட்டு வீடுகளில் தூணைக் கழற்றி விற்றவர்களைப் பற்றி ஆயிரம் பேசுகிறோம், ஆனால் விற்கும் உரிமை அவர்களுக்கு இல்லை என்று யாரும் சொல்வதில்லை.

கேட்டவர்கள் எல்லோருக்கும் கிடைத்துவிடுகிறதா?

இல்லை. லில்லி கசீரர் 1939-ல் ஜெர்மனியைவிட்டு வெளியேறும் அனுமதிக்காக, பிசாரோ வரைந்த பாரிஸ் தெருக் காட்சி ஒன்றை 900 மார்க்குக்கு எழுதிக் கொடுத்தார். அந்தப் பணத்தையும் தொட முடியாத கணக்கில்தான் போட்டார்கள். படம் பல கை மாறி மாட்ரிடில் தைசன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. கொள்ளைபோன படம் என்பதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. ஆனாலும் இத்தனை வருடம் பகிரங்கமாக வைத்திருந்தால் உரிமை வந்துவிடும் என்ற ஸ்பானிய சட்டத்தின்படி, 2024-ல் அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம் அருங்காட்சியகத்தின் பக்கம் தீர்ப்புச் சொன்னது. பிறகு கலிபோர்னியா தன் சட்டத்தை மாற்றியது. 2025-ல் உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை ரத்துசெய்து, மறுபடி விசாரிக்கச் சொன்னது.

திருட்டுப் பொருளை யார் வாங்கினாலும் உரிமை வராது என்பது இங்கிலாந்து, இந்தியா வழிச் சட்டத்தின் பொது விதி. ஐரோப்பிய நாடுகள் பலவற்றில், தெரியாமல் நல்லெண்ணத்தில் வாங்கியவனுக்குக் காலப்போக்கில் உரிமை பிறக்கும். அதனால்தான் களவுப் பொருள் சட்டம் சாதகமான நாடு வழியாகச் சுற்றி வருகிறது.

இன்னொரு கூட்டம் கேட்கவே இல்லை. 1942 முதல் பிரான்ஸ், பெல்ஜியம், நெதர்லாந்தில் யூதர்கள் விட்டுப்போன சுமார் 70,000 வீடுகளைக் காலி செய்தார்கள். ஓவியம் இல்லை. கட்டில், பாத்திரம், தையல் மெஷின், பியானோ, பிள்ளைகளின் பொம்மை. குண்டு விழுந்து வீடிழந்த ஜெர்மானியர்களுக்குக் கொடுக்க என்று ரயிலில் போனது. அதில் திரும்பியது மிகமிகக் கொஞ்சம். சமையல் பாத்திரத்தைப் படம் எடுத்து வைத்தவர் யார்? உலகம் கிளிம்ட்டைப் பற்றிப் பேசுகிறது, ஆனால் வீடு என்பது பெரும்பாலும் இந்தச் சாமான்தான். எவர்சில்வர் வருமுன் சீராக வந்த எனாமல் பாத்திரம், மரவை, வெண்கலப் பானை எல்லாம் நிறைந்த அறையைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இதைச் சொல்லித் தர வேண்டியதில்லை.

நம்ம ராஜாக்கள் மட்டும் அள்ளிக்கொண்டு வரவில்லையா?

வந்தார்கள். தஞ்சாவூர் அரண்மனைக் கலைக்கூடத்தில் ஒரு துவாரபாலகர் நிற்கிறார். கல்யாணபுரத்தை எறிந்து (அழித்து) கொண்டுவந்தது என்று பீடத்திலேயே வெட்டியிருக்கிறது. கொண்டுவந்தவன் சோழ மன்னன் முதலாம் ராஜாதிராஜன், காலம் 11-ம் நூற்றாண்டின் நடுப்பகுதி, கல்யாணபுரம் சாளுக்கியர் தலைநகர். மறைக்கவில்லை, பெருமையாக எழுதிவைத்தான். கங்கைகொண்ட சோழபுரத்திலும் இப்படி வந்த சிற்பங்கள் உண்டு.

அன்றைக்கு அது வெற்றியின் அடையாளம், யாரும் குற்றமாகப் பார்க்கவில்லை. 1799-ல் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் திப்புவின் அரண்மனையைக் கொள்ளையிட்டபோதும், ஆங்கிலேயர்கள் அதைப் படைக்குப் பங்கு போட ஒரு குழுவே வைத்திருந்தார்கள். திப்புவின் மரப்புலி இன்றும் லண்டனில் இருக்கிறது. 1899, 1907 ஹேக் உடன்படிக்கைகள்தான் கொள்ளையைத் தடை செய்தன. இந்தத் தேதியைக் காட்டி, அதற்கு முந்தையதைக் கேட்காதே என்று பெரிய அருங்காட்சியகங்கள் சொல்கின்றன. நெதர்லாந்து அப்படிச் சொல்லவில்லை. 1765-ல் கண்டி அரண்மனையிலிருந்து எடுத்த பீரங்கியை 2023-ல் இலங்கைக்குத் திருப்பியது. சட்டம் கட்டாயப்படுத்தாத இடத்திலும் கொடுக்கலாம் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் என் கண்ணில் படவில்லை. துவாரபாலகரைக் கர்நாடகம் கேட்டால் நாம் என்ன சொல்வோம்? யோசித்து வைப்பது நல்லது.

பர்மாவில் எங்கள் ஐயா விட்டுவிட்டு வந்தது இதில் சேருமா?

இந்தக் கேள்வி இல்லாமல் செட்டிநாட்டில் இந்தப் பேச்சு முடியாது. பதிலைப் பிரித்துத்தான் சொல்ல வேண்டும்.

முதலில் நிலம். 1930-களின் பொருளாதார மந்தத்தில் கடன் கட்ட முடியாத விவசாயிகளின் நிலம் செட்டியார் கைக்கு வந்தது. கீழ் பர்மாவின் 13 முக்கிய நெல் மாவட்டங்களில் செட்டியார்களிடம் இருந்த நிலம் 1930-ல் 6 சதவீதமாக இருந்தது, 1938-ல் 25 சதவீதம் ஆனது. வட்டிக்கடையின் கோணத்தில் இது வராக்கடனுக்கு வந்த ஈடு. பர்மிய விவசாயியின் கோணத்தில் தன் நிலம் பறிபோன கதை. சுதந்திரம் வந்த 1948-லேயே நில நாட்டுடைமைச் சட்டம் வந்தது அதனால்தான். இதைக் கொள்ளை என்று நம் வீடுகளில் சொல்வார்கள், கசப்பு எனக்கும் புரிகிறது. ஆனால் இறையாண்மை உள்ள அரசு சட்டம் போட்டு நிலத்தை எடுப்பது, ஈடு கிடைத்ததோ இல்லையோ, போர்க்கொள்ளை என்ற கணக்கில் வராது. வாஷிங்டன் கொள்கைகள் எதுவும் இதற்கு உதவாது.

அடுத்தது அசையும் பொருள். 1941 டிசம்பர் 23-ல் ரங்கூன் மேல் ஜப்பான் குண்டு போட்டது. 1942 மார்ச்சில் நகரம் விழுந்தது. சுமார் 5 லட்சம் இந்தியர்கள் கிளம்பினார்கள், பெரும்பாலோர் காடு மலை வழியாக. வழியில் பல்லாயிரம் பேர் இறந்தார்கள். ரங்கூன் மொகல் தெருக் கடைகளிலும் வெளியூர்க் கிட்டங்கிகளிலும் இருந்த இரும்புப் பெட்டி, சாமி படம், தட்டுமுட்டு எல்லாம் அப்படியே கிடந்தன. யார் எடுத்தார்கள்? ஜப்பான் ராணுவமா, அக்கம்பக்கமா, பின்வாங்கும் குழப்பத்தில் வேறு யாருமா? ஒவ்வொரு கடைக்கும் ஒவ்வொரு கதை. இவற்றில் பல உண்மையிலேயே போர்க்காலக் கொள்ளைதான். ஆனால் கேட்பது யாரிடம்? 1952 ஜூனில் ஜப்பானோடு செய்த சமாதான ஒப்பந்தத்தில் இந்தியா போர் நட்டஈட்டை விட்டுக்கொடுத்துவிட்டது. அரசாங்கம் பெருந்தன்மை காட்டியது, கணக்கை மூடியவர்கள் கடைக்காரர்கள்.

மூன்றாவது அலை 1960-களில். பர்மாவின் ராணுவத் தலைவர் நீ வின்னின் ஆட்சி கடைகளையும் வங்கிகளையும் எடுத்துக்கொண்டு இந்தியர்களை அனுப்பியபோது, நகை நட்டுகூட அதிகம் கொண்டுவர விடவில்லை. இது போர் இல்லை.

சரி, எதுவுமே செய்ய முடியாதா என்றால், ஒரு விதத்தில் முடியும். செட்டியார் கடைகள் அளவுக்குக் கணக்கு எழுதியவர்கள் அந்தக் கடலோரத்தில் குறைவு. பேரேடு, குறிப்பேடு, ஐந்தொகை, ஊருக்கு எழுதிய கடிதம் என்று கட்டுக்கட்டாக வந்து சேர்ந்தது. அதில் எங்கேயாவது கடைச் சாமான் பட்டியல் இருந்தால், அது பெயர் சொல்லும் சான்று. பணம் வராது. ஆனால் ரங்கூன் ஏலத்திலோ பாங்காக் கடையிலோ ஒரு வெள்ளி விளக்கு உங்கள் குடும்ப விலாசம் (பெயரின் முதலெழுத்துகள்) பொறித்தபடி வெளியே வந்தால், கேட்பதற்குக் கையில் ஏதாவது இருக்கும். அந்தக் கட்டுகளைப் பழைய பேப்பர்காரரிடம் எடைக்குப் போட்ட வீடுகள் எத்தனை என்பதை நினைத்தால்தான் வயிறு எரிகிறது.

எங்கள் ஊர்க் கோயில் சிலை களவு போனது. அதுவும் இதே வகைதானா?

வகை வேறு, மீட்கும் வழி கிட்டத்தட்ட ஒன்றுதான். நம் பக்கத்தில் அது அமைதிக் காலத் திருட்டு. போர் நடக்கும் நாட்டில் இரண்டும் கலந்துவிடும். கம்போடியாவில் உள்நாட்டுப் போர் மூண்ட 1970-களில், கோ கேர் என்ற காட்டுக் கோயிலில் பீமனும் துரியோதனனும் கதாயுதப் போர் புரிய, மற்றவர்கள் சுற்றி உட்கார்ந்து பார்க்கும் கற்சிலைத் தொகுதி ஒன்று சூறைபோனது. திருடர்கள் கணுக்காலுக்குக் கீழே வெட்டி எடுத்தார்கள், பாதங்கள் பீடத்தோடு அங்கேயே நின்றன. 2011-ல் நியூயார்க் ஏலப் பட்டியலில் பாதம் இல்லாத துரியோதனன் வந்தான். பீடத்தில் இருந்த பாதங்கள் அவனுக்குப் பொருந்தின. 2014-ல் பீமனும் துரியோதனனும் ஊர் திரும்பினார்கள்.

நம்முடைய பத்தூர் நடராஜர் கதையும் இதற்குக் குறைந்ததில்லை. 1976-ல் மண்ணுக்குள்ளிருந்து தோண்டி எடுக்கப்பட்டு, கை மாறி லண்டன் போய், ஒரு கனடா எண்ணெய்க் கம்பெனி வாங்கியது. லண்டன் நீதிமன்றத்தில் கோயிலே வழக்காடும் தரப்பாக நிற்க முடியும் என்று ஏற்றுக்கொண்டார்கள். 1988-ல் தீர்ப்பு, 1991-ல் மேல்முறையீட்டிலும் வெற்றி. ஸ்ரீபுரந்தான் கோயிலில் திருடுபோன நடராஜரை ஆஸ்திரேலிய தேசியக் கலைக்கூடம் 2008-ல் சுமார் 50 லட்சம் அமெரிக்க டாலர் கொடுத்து வாங்கி, 2014-ல் திருப்பிக் கொடுத்தது. அதை விற்ற சுபாஷ் கபூருக்கு 2022-ல் கும்பகோணம் நீதிமன்றம் 10 வருடத் தண்டனை விதித்தது. அனந்தமங்கலத்தில் 1978-ல் திருடுபோன ராமர், லட்சுமணர், சீதை 2020-ல் லண்டனிலிருந்து வந்தார்கள்.

அனந்தமங்கலம் உட்படப் பல வழக்குகளில் காப்பாற்றியது புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனம் 1950-களிலிருந்து கோயில் கோயிலாகப் போய் எடுத்த கறுப்பு வெள்ளைப் படங்கள். ஆராய்ச்சிக்கு எடுத்தவை, போலீசுக்கு உதவின.

படம் இல்லாத காலத்தில் எப்படி அடையாளம் சொன்னார்கள்?

ஸ்ரீரங்கத்துக் கதை ஒன்று உண்டு. 14-ம் நூற்றாண்டுப் படையெடுப்பில் உற்சவரை எடுத்துக்கொண்டு ஓடினார்கள். பல ஊர் சுற்றி, திருமலையில் இருந்து, 1371-ல் திரும்பி வந்தார். அதற்குள் கோயிலில் வேறொரு உற்சவர் இருந்தார். எது பழையவர் என்று சொல்ல ஆள் இல்லை. பெருமாளின் ஈர ஆடை துவைத்த, கண் தெரியாத முதியவர் ஒருவர், இருவருக்கும் திருமஞ்சனம் செய்த நீரைச் சுவைத்துப் பார்த்து, இவர்தான் என்றாராம். திரும்பிய வருடத்துக்குக் கல்வெட்டு இருக்கிறது, மற்றது கோயில் மரபு சொல்வது. இன்றைய நீதிமன்றம் அந்தச் சாட்சியை ஏற்குமா தெரியாது. என்னைக் கேட்டால் அவர் நல்ல சாட்சி.

வெளிநாட்டிலேயே இருந்தால்தானே பத்திரம்? இங்கே வந்தால் மறுபடி திருடுபோகும்.

பெர்லினில் பத்திரமாக இருக்கட்டும் என்று ஃபிரீட்ரிக்ஷைன் கோபுரத்தில் அடுக்கிய 400-க்கு மேற்பட்ட ஓவியங்கள் 1945 மே மாதம் எரிந்தே போயின. பாக்தாத் அருங்காட்சியகத்தில் 2003 ஏப்ரலில் சுமார் 15,000 பொருள்கள் சூறைபோயின. பத்திரம் என்பது எந்த ஊருக்கும் நிரந்தரம் இல்லை. ஆனால் கேள்வியில் ஒரு பாதி நியாயம் உண்டு. மீட்டு வந்த திருமேனிகள் பலவும் கோயிலுக்குப் போகாமல், திருவாரூர், கும்பகோணம் போன்ற இடங்களில் பாதுகாப்பு மையத்துக் கம்பிகளுக்குள் வரிசையாக நிற்கின்றன. பூசைக்காகக் கேட்டு வாங்கி, பூட்டி வைப்பது எனக்கு ஒப்பவில்லை.

முனீஸ்வரன் கோயில் தெருவில் பழஞ்சாமான் வாங்குகிறேன். நானும் கொள்ளைப் பொருள் வாங்குகிறேனா?

காரைக்குடியின் அந்தக் கடைகளுக்கு வருவதில் பெரும்பகுதி, பங்குதாரர்கள் பலராகி, பராமரிக்க முடியாமல், அவர்களே விற்ற வீடுகளின் சாமான். வருத்தமான விஷயம், குற்றம் இல்லை. கவனிக்க வேண்டியது 1972-ம் ஆண்டு தொல்பொருள் சட்டம். 100 வருடம் தாண்டிய சிற்பம், ஓவியம், கட்டடத்திலிருந்து பிரித்தெடுத்த பொருள் எல்லாம் தொல்பொருள். சுவடிக்கு 75 வருடம் போதும். தொல்பொருள் வியாபாரத்துக்கு உரிமம் வேண்டும், சில வகைகளைப் பதிவுசெய்ய வேண்டும், தனியார் வெளிநாட்டுக்கு அனுப்பக் கூடாது. ஒரு நூற்றாண்டு வேகமாக ஓடுகிறது: 1920-களில் கட்டிய வீட்டின் பர்மா தேக்கு நிலைவாசல் இப்போதுதான் அந்த எல்லையைத் தாண்டிக்கொண்டிருக்கிறது. போன தலைமுறையில் கப்பலேறியதுபோல இனி ஏற முடியாது.

உலோகச் சாமி சிலை, கோயில் தேர்ச் சிற்பம், வாகனத்தின் பகுதி என்றால், எந்த வீட்டிலிருந்து வந்தது என்று எழுத்தில் கேளுங்கள். சொல்லத் தயங்கினால் வாங்காதீர்கள்.

எங்கள் வளவு வீட்டுச் சாமானுக்கு இப்போது என்ன செய்து வைக்கலாம்?

எல்லாப் பக்கமும் படம் எடுங்கள். அளவு, எடை, என்ன உலோகம், என்ன மரம். ஒடிசல், தேய்மானம், ஒட்டுப்போட்ட இடம் ஆகியவற்றைக் கிட்டத்தில் எடுங்கள், ஏனென்றால் ஒரே மாதிரிப் பத்து விளக்கில் உங்கள் விளக்கைக் காட்டிக்கொடுப்பது அந்த ஒடிசல்தான். பொறித்த விலாசத்தை எழுத்தெழுத்தாகக் குறியுங்கள். கல்யாணச் சீர்ச் சாமான் பட்டியல் பழசு இருந்தால் ஸ்கேன் செய்து, பங்காளிகள் எல்லோருக்கும் ஒரு பிரதி கொடுங்கள். ஆச்சிகள் உயிரோடு இருக்கும்போதே, எது யார் கல்யாணத்துக்கு வந்தது என்று கேட்டுப் பதிவுசெய்யுங்கள். பங்காளிகளில் ஒருவர் முரண்டு பிடிப்பார். படம் எடுப்பதால் பங்கு மாறாது என்று சொல்லுங்கள்.

இணையத்தில் ஓர் ஏலப் பட்டியலில் எங்கள் கோயில் சிலையைப் பார்த்த மாதிரி இருக்கிறது. யாரிடம் சொல்வது?

முதலில் அந்தப் பக்கத்தை முழுசாகச் சேமியுங்கள்: படம், ஏல எண், தேதி, முன்பு யாரிடம் இருந்தது என்று அவர்கள் எழுதியிருக்கும் வரலாறு. அப்புறம் தமிழ்நாடு சிலைக் கடத்தல் தடுப்புப் பிரிவுக்கு எழுதுங்கள், கோயில் அறநிலையத் துறையின் கீழ் இருந்தால் அவர்களுக்கும், நகலை இந்தியத் தொல்லியல் துறைக்கும். பழைய திருவிழாப் படம், கும்பாபிஷேக மலர், நகரத்தார் கோயில் என்றால் காரியக்காரர்களிடம் இருக்கும் திருமேனிப் பதிவேடு, எது கிடைத்தாலும் இணையுங்கள். சிலை காணாமல் போனபோது போலீசில் புகார் கொடுத்தார்களா என்று பாருங்கள். கொடுக்கவில்லை என்றால் இப்போதாவது கொடுங்கள், தாமதம் ஆனாலும் பரவாயில்லை. இன்டர்போலின் திருட்டுக் கலைப்பொருள் பட்டியலில் ஏற்றுவதும் அந்தந்த நாட்டுப் போலீஸ் வழியாகத்தான் நடக்கும்.

ஏலக் கடைக்கு நீங்களாக நேரே எழுதாதீர்கள். கோபத்தில் முகநூலிலும் போட வேண்டாம். பட்டியலிலிருந்து விலக்கிக்கொண்டு, பொருளைக் கொண்டுவந்தவரிடமே திருப்பிக் கொடுத்துவிடுவார்கள். அதன் பிறகு அது எந்த நாட்டில் யார் வீட்டு அறையில் இருக்கிறது என்று தேட இன்னொரு முப்பது வருடம் ஆகலாம்.